நர்மதையை வலம்வரப் புறப்படுமுன்

புண்ணிய நதிகளில் நீராடுவது நாடெங்கும் உள்ள வழக்கம். ஆனால் ஒரு நதியைத் தோற்றுவாயிலிருந்து கடல்முகம் வரையிலும், மீண்டும் கடல்முகத்திலிருந்து தோற்றுவாய் வரையிலும், இரு கரையும் கால்நடையாகச் சுற்றி வணங்குவது பெருவழக்காக நிலைத்திருப்பது நர்மதைக்குத்தான். மத்தியப் பிரதேசத்தின் கிழக்கு ஓரத்தில், அமர்கண்டக்கில், கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில் ஒரு குளத்தில் தோன்றும் இந்நதி, 1,312 கி.மீ. மேற்கு நோக்கி ஓடி, குஜராத்தில் பரூச் நகருக்கு அப்பால் காம்பே வளைகுடாவில் கலக்கிறது. இதை வலம்வருவதற்குப் பரிக்கிரமம் என்று பெயர், வலம்வருபவர் பரிக்கிரமவாசி.

இதன் நெறிகள் சில. நதி எப்போதும் வலக்கைப் பக்கமே இருக்க வேண்டும். துணையாறுகளைக் கடக்கலாம், நர்மதையைக் கடக்கலாகாது. கடல்முகத்தில் மட்டும் படகேறி அக்கரை சேரலாம். எங்கிருந்தும் தொடங்கலாம், தொடங்கிய இடத்துக்கே திரும்பிவர வேண்டும். சிறு குப்பி ஒன்றில் நர்மதை நீரை எடுத்துக்கொண்டு, காலையும் மாலையும் அதற்கு ஆரத்தி செய்ய வேண்டும். மழைக்காலத்து நான்கு மாதங்களை ஓரிடத்தில் தங்கிக் கழிக்க வேண்டும். பொருளைச் சேர்த்து வைக்காமல், அன்றன்று கிடைத்ததை உண்டு நடக்க வேண்டும். வழியில் எதிர்ப்படுவோர் ‘நர்மதே ஹர்’ என்கிறார்கள். அதுவே வணக்கம், ஒரு வீட்டு வாசலில் நின்று சொன்னால் அதுவே விண்ணப்பமும் ஆகிறது.

இவ்வாறு நடப்பவர்களில் துறவியர் பலர். அவர்களைப் பற்றி இங்கே ஆராய வேண்டியதில்லை. வீட்டை விடும் முடிவை அவர்கள் முன்பே எடுத்து முடித்துவிட்டவர்கள். வலம்வருவோரில் இல்லறத்தாரும் ஏராளம். மகாராஷ்டிரத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்துச் சிற்றூர்களிலிருந்தும் ஆண்டுதோறும் வருகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளுக்குத் திருமணம் முடித்துவிட்ட விவசாயி, வேலையை உதறிவிட்டு வந்த முப்பது வயது இளைஞர் எனப் பலவகையினர். ‘எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டால் என்ன?’ என்ற எண்ணம் இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு நாளில் எழுந்திருக்கும். அந்த எண்ணத்துக்கும் வாசற்படியைத் தாண்டுவதற்கும் இடையே உள்ள காலமே இப்பாடத்தின் பொருள். நடையைப் பற்றிப் பேசுவோர் பலர். இந்த இடைக்காலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதின்மூன்று நாள்

மரபு இந்த வலத்துக்கு வகுத்திருக்கும் காலம் மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதின்மூன்று நாள். இதைக் கேட்டவுடன் ‘அவ்வளவு நீண்ட நடையா?’ என்று மலைப்பது இயல்பு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கார்த்திகை மாதத்து ஏகாதசிக்குப் பின் புறப்பட்டால் இக்காலத்துக்குள் மூன்று சாதுர்மாஸ்யங்கள் வருகின்றன. அந்தப் பன்னிரண்டு மாதங்களைக் கழித்தால் எஞ்சுவது இருபத்தேழு மாதம், அதாவது சுமார் 820 நாள். இரு கரையும் சேர்ந்து 2,600 கி.மீ.க்கு மேல், பாதை வளைந்து செல்வதால் உண்மையில் நடக்கும் தொலைவு இன்னும் கூடுதல். அப்படியிருந்தும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் வருவதில்லை. முதியவர் ஒருவர் காலையில் பூங்காவைச் சுற்றிவரும் தொலைவுதான்.

ஆகவே மரபு விதித்த நீண்ட காலம் நடப்பதற்காக விதித்ததன்று, தங்குவதற்காக விதித்தது. நடப்பவரை ‘யாத்ரீகர்’ என்னாமல் ‘வாசி’ என்று அழைத்த பெரியோரின் சொல்லாட்சி இங்கே விளங்குகிறது. நதிக்கரையில் வசிக்கிறார்; வசித்தவாறே மெல்ல இடம் பெயர்கிறார். இக்காலத்தில் பெரும்பாலோர் நாளுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்து நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். பேருந்தில் இரண்டு மூன்று வாரத்தில் சுற்றிக் காட்டும் ஏற்பாடுகளும் உள்ளன. அவற்றைக் குறை கூறத் தேவையில்லை. முழங்கால் தேய்ந்தவருக்கும் நதியை வணங்கும் ஆசை இருக்கலாம். ஆனால் ‘நான்கு மாதம்தானே’ என்று எண்ணிப் புறப்படுகிறவர், தாம் சுருக்கிக்கொண்டது தூரத்தையா, தங்குதலையா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

செலவு எங்கே இருக்கிறது?

‘கையில் பணமில்லாமல் நடக்கலாம்’ என்ற சொல் இளைஞர்களை வெகுவாகக் கவர்கிறது. அது பெரும்பாலும் உண்மையும்கூட. கரை நெடுகிலும் ஆசிரமங்களும் தர்மசாலைகளும் கோயில் மண்டபங்களும் தங்க இடம் தருகின்றன. பல இடங்களில் சமைத்த உணவு கிடைக்கும். வேறு சில இடங்களில் ‘சதாவர்த்’ என்ற முறை வழங்குகிறது: கோதுமை மாவு, பருப்பு, உப்பு ஆகியவற்றைக் கொடுத்துவிடுவார்கள்; சமைத்துக்கொள்வது நடப்பவர் பொறுப்பு. பயண முழுமைக்கும் தவிர்க்க முடியாத செலவு என்று பார்த்தால், தொடங்கும் இடம்வரை செல்லவும் வீடு திரும்பவும் ரயில் கட்டணம், ஒரு கம்பளி, ஒரு ஜோடி நல்ல செருப்பு, மருந்து, கடல்முகத்தில் படகுக் கூலி, இவ்வளவே.

பணம் செலவாவது பாதையில் இல்லை. விட்டுவந்த வீட்டில்தான் செலவாகிறது. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், காப்பீட்டுப் பிரிமியம், வயதான தாயாரின் இரத்த அழுத்த மாத்திரை, மின்கட்டணம், சமையல் எரிவாயு ஆகியவற்றில் ஒன்றுகூட, குடும்பத் தலைவர் நர்மதைக் கரையில் இருக்கிறார் என்பதற்காக நின்றுவிடாது. ஆறு மாதப் பரிக்கிரமத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்பவருக்கு, ‘உம் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு எவ்வளவு வேண்டும்?’ என்பதே சரியான பதில். அந்தத் தொகையும் அதன்மேல் ஓர் அவசரச் செலவுக்கு வேண்டியதும் வீட்டாரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கில் இருக்கும் பணம், மனைவிக்கு எட்டாத பணம். பல வீடுகளில் மின்கட்டணம் எப்படிக் கட்டுவது, காப்பீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பவை ஒருவருக்கு மட்டுமே தெரிந்தவை. அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் பரிக்கிரமத்தின் ஒரு பகுதி என்று கொள்ளலாம்.

ஓய்வூதியம் பெறுவோருக்கு ஒரு குறிப்பு. மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்தோர் அக்டோபரிலேயே அளிக்கலாம். பரிக்கிரமம் தொடங்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. சாதுர்மாஸ்யம் முடியும் ஏகாதசி அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ வருகிறது. சான்றிதழைக் கொடுக்காமல் காட்டுக்குள் நடந்துவிட்டால், வீட்டுக்கு வரும் ஓய்வூதியம் நின்றுவிடக்கூடும். கைரேகை வைத்து மின்முறையில் அளிக்கும் வசதி 2014 முதல் உள்ளது; பின்னர் கைபேசியிலேயே முகம் காட்டி அளிக்கவும் வழி வந்தது. மாநில அரசுகளின் முறைகள் வேறுபடுவதால் அவரவர் கருவூலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். தவம் செய்யப் போகிறவருக்கு இத்தனை அலுவலகக் கவலையா என்று சிரிப்போர் சிரிக்கலாம். அந்த ஓய்வூதியத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

யாருடைய உணவு?

பிறர் இடும் உணவில் வாழும் உரிமையை நம் தர்ம சாத்திரங்கள் பிரமசாரிக்கும் துறவிக்கும் அளித்தன. இல்லறத்தானுக்கு அளித்தது வேறு கடமை. மற்ற மூன்று ஆசிரமத்தாரையும் தாங்குபவன் அவன். திருவள்ளுவரும் இல்லறவியலை முன்னே வைத்து, துறவறவியலைப் பின்னே வைத்தார். இந்த வரிசையை மனத்தில் கொண்டால், நல்ல வருவாய் உள்ள ஓர் இல்லறத்தார் ஆறு மாதம் பிறர் வீட்டு ரொட்டியை உண்டு நடப்பது எளிதில் கடந்து செல்லக்கூடிய செய்தியாகத் தோன்றாது. 

நர்மதைக் கரையில் இக்கேள்வி கூர்மை பெறும் இடம் சூல்பாணியின் காடு. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத் மூன்றும் சந்திக்கும் மலைப்பகுதி அது; பீல் பழங்குடியினர் வாழும் இடம். அக்காட்டைக் கடக்கும் பரிக்கிரமவாசியிடம் உள்ளதை எல்லாம் பீல்கள் பறித்துக்கொண்டு கோவணத்தோடு அனுப்பிவிடுவார்கள் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்ட செய்தி. அதையும் பக்தர்கள் அன்னையின் திருவிளையாடலாகவே ஏற்றார்கள். ‘நான் சேர்த்து வைத்த சுமையை அவள் இறக்கி வைத்தாள்’ என்பது அவர்களுடைய விளக்கம். இன்று அந்நிலை மாறிவிட்டது. அதே மலைக் குடியிருப்புகளில், தமக்கே போதாத சோள மாவில் ரொட்டி தட்டி, வந்தவருக்கு முதலில் வைக்கிறார்கள். பறிகொடுத்ததைத் தத்துவமாக்கிய நம்மவர்கள், இந்த ரொட்டிக்கு இன்னும் தகுந்த விளக்கம் சொன்னதாகத் தெரியவில்லை.

நகரத்தில் மாதச் சம்பளம் பெறும் ஒருவர் அந்தக் குடிசையில் அமர்ந்து உண்கிறார். கொடுப்பவருக்கு அவர் நர்மதையின் விருந்தினர். விலை கேட்பது அவமதிப்பு. பணத்தை நீட்டினால் பலர் வாங்குவதும் இல்லை. அப்படியானால் உண்டவர் என்ன செய்வது? வழியில் நடந்தவர்கள் தாமே கண்டுபிடித்த விடைகள் பல. தங்கிய இடத்தைப் பெருக்கிக் கொடுப்பர். விறகு சுமந்து வருவர். ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்குவர். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பர். தேவைக்கு மேல் ஒரு பிடி மாவும் வாங்காதிருப்பர். நிறைவில் கன்னிப் பெண் குழந்தைகளுக்கு அமுது படைத்து, கடாயில் கிண்டிய அல்வாவைப் படைத்துப் பகிர்வது மரபான கடன் தீர்ப்பு. வலம் முடித்தபின் ஆண்டுதோறும் கரைக்கு வந்து, நடப்பவர்களுக்கு அன்னமிடும் குடும்பங்களும் உண்டு. சிக்கனமாக ஊர் சுற்ற ஒரு வழி கிடைத்தது என்று மட்டும் எண்ணி வருபவருக்கு இவை எதுவும் தோன்றாது. அவர் குடிசையில் உண்பார், படம் எடுப்பார், போய்விடுவார். அத்தகையோர் வராதிருப்பதே அந்த மலைக்குச் செய்யும் உபகாரம்.

சம்மதமும் மௌனமும்

நர்மதைக் கரைக்கு வீட்டை விட்டு வந்தவர்களில் தலையாயவர் ஆதி சங்கரர். காலடியில் பிறந்த அவர், குரு கோவிந்த பகவத்பாதரைத் தேடி இந்நதியின் கரைக்கு வந்தார் என்பது மரபு. ஓங்காரேசுவரத்தில் அச்சந்திப்பு நிகழ்ந்ததாக ஒரு குகையைக் காட்டுகிறார்கள். 2023-இல் அங்கே 108 அடி உயரச் சிலையும் எழுந்தது. அவர் வீட்டை விட்ட விதம் நாம் அனைவரும் சிறு வயதில் கேட்ட கதை. ஆற்றில் முதலை காலைப் பற்றியபோதுதான் தாய் சம்மதித்தாள். கதையின் அற்புதத்தில் மனம் செலுத்தும் நாம் அதிலுள்ள இரண்டு செய்திகளைக் கவனிக்கத் தவறுகிறோம். ஒன்று, அத்தகைய பெரியவரும் சம்மதம் பெறாமல் புறப்படவில்லை. மற்றொன்று, போகும்போது ஒரு வாக்குறுதி தந்தார்: அந்திமக் காலத்தில் வந்து சேர்வேன் என்றார், வந்தார், துறவிக்கு உரியதல்லாத ஈமக்கடனையும், உறவினர் எதிர்ப்பையும் மீறிச் செய்தார்.

நம் திருமண வீடுகள் சிலவற்றில் இதற்கு ஒரு விளையாட்டு வடிவம் உண்டு. மாப்பிள்ளை குடையும் தடியும் விசிறியுமாகக் காசி யாத்திரை கிளம்புவார். பெண்ணின் தந்தை வழிமறித்து, ‘என் பெண்ணை ஏற்று இல்லறம் நடத்தும்’ என்று அழைத்து வருவார். பத்தடி கூடப் போகாத யாத்திரை அது. எல்லாரும் சிரிக்கிறோம். ஆயினும் அன்று திரும்பி வந்தவர் ஒரு வாக்கு கொடுத்தே திரும்பியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மெய்யாகவே குடையை எடுக்கும்போது, அன்று வழிமறித்தவர் உயிரோடு இல்லாமல் இருக்கலாம். யாருக்காக வழிமறித்தாரோ அந்தப் பெண் சமையலறையில் இருக்கிறார்.

அவரிடம் கேட்பது எப்படி? ‘நான் முடிவு செய்துவிட்டேன், உனக்கு ஆட்சேபம் உண்டா?’ என்பது கேள்வி ஆகாது. அதற்குப் பதிலாக வருவது பெரும்பாலும் மௌனம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு புறப்பட்டவர்களுக்கு, வழியில் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் ஒரு முள். மனைவியின் அச்சம் எது என்று கேட்க வேண்டும். தனிமையா? பணமா? கணவர் திரும்பி வராமலே இருந்துவிடுவார் என்பதா? அவரும் நடக்க விரும்புகிறாரா என்ற கேள்வியைக் கேட்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. கரையில் தம்பதியராக நடப்பவர்கள் உண்டு. தனியாக நடக்கும் பெண்களும் உண்டு. பல வீடுகளில் இந்த உரையாடல் ஒரு மாலையில் முடியாது, சில மாதங்கள் ஆகும். ஆகட்டும். மூன்றேகால் ஆண்டு விரதத்துக்கு ஆயத்தமாகிறவர் மூன்று மாதம் தம் வீட்டில் பொறுமையாகப் பேச முடியாதவராக இருந்தால், அதுவே ஒரு விடை.

இளைஞரின் நிலை சற்று வேறு. மனைவி மக்கள் இல்லை. ஆனால் கல்விக் கடன் இருக்கலாம், அதற்குத் தந்தை கையெழுத்திட்டிருக்கலாம். தேவர், ரிஷிகள், முன்னோர் ஆகியோருக்கு உரிய மூன்று கடன்களைத் தீர்த்தபின்னரே மனத்தை மோட்சத்தில் செலுத்த வேண்டும் என்கிறது மனுவின் நூல். வங்கிக் கடன் அந்தப் பட்டியலில் இல்லை என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாகாது. தவணை நின்றால் வங்கி தேடிச் செல்வது தந்தையின் வீட்டை.

ஓட்டமா, தேட்டமா?

பகவத் கீதையின் 18-ஆம் அத்தியாயம் தியாகத்தை மூன்றாகப் பிரிக்கிறது. செய்ய வேண்டிய கடமையை, உடலுக்கு வருத்தம் தருகிறது என்று அஞ்சி விடுபவனுடைய தியாகம் ராஜசம். அவனுக்குத் தியாகத்தின் பலன் கிட்டுவதில்லை என்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஓடுபவரும் தேடுபவரும் அதே வெள்ளை வேட்டியை உடுத்தி, அதே தண்டத்தை ஏந்தி, அதே கரையில் நடக்கிறார்கள். வேறுபாடு தெரிவது தமக்கு மட்டுமே. பல நேரம் தமக்கும் தெரிவதில்லை.

ஒரு சோதனை உண்டு. அலுவலகத்தில் பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஒருவர் பரிக்கிரமம் செல்ல எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளை காலை அந்த உயர்வு வந்துவிட்டால் அவர் புறப்படுவாரா? மருமகளோடு மனத்தாங்கல் கொண்ட மூதாட்டி ஒருவர் புறப்பட நினைக்கிறார். இன்று மாலை மருமகள் வந்து அன்போடு பேசினால் மூட்டையை அவிழ்த்துவிடுவாரா? ஆம் என்றால் அவர்களுக்கு வேண்டியது நர்மதை அன்று. இதில் இழிவொன்றும் இல்லை. துன்பத்தினால் புறப்பட்டு, வழியில் பக்குவப்பட்டவர்கள் உண்டு. ஆனால் துன்பத்தை வீட்டில் விட்டுச் செல்ல முடியாது என்பதை முதல் வாரத்திலேயே நடப்பவர் அறிந்துகொள்கிறார். நாள் முழுதும் பேச்சுத் துணையின்றி நடக்கும்போது மனம் பழைய சண்டைகளையே திரும்பத் திரும்ப நடத்துகிறது. அங்கே அதை நிறுத்தத் தொலைக்காட்சிகூட இல்லை.

தவணை முறையில் ஒரு பரிக்கிரமம்

வீட்டை முற்றிலும் விட்டால்தான் ஆகுமா? ஜபல்பூரில் ஓவிய ஆசிரியராக இருந்த அமிர்தலால் வேகட் தந்த விடை வேறு. 1928-இல் பிறந்த அவர், சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றவர். 1977-இல், ஐம்பதை நெருங்கும் வயதில், ஜபல்பூரிலிருந்து நடக்கத் தொடங்கினார். ஒரே மூச்சில் சுற்றவில்லை. கிடைத்த விடுமுறைகளில் ஒரு பகுதியை நடப்பார். வீடு திரும்பிப் பாடம் நடத்துவார். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பின்னாளில் மனைவியும் உடன் நடந்தார். எழுபதைத் தாண்டியும் நடை நிற்கவில்லை. வழியில் வரைந்த கோட்டோவியங்களும், வண்ணத் தாள்களை ஒட்டி அமைத்த படங்களும், இந்தியிலும் குஜராத்தியிலும் எழுதிய நூல்களும் அவர் பெற்ற பலன். அவற்றுள் ஒன்றின் குஜராத்தி வடிவத்துக்கு 2004-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 2018-இல் மறைந்தார்.

நெறிகளைக் கறாராகப் பார்ப்போர் இதை முறையான பரிக்கிரமம் என ஒப்பமாட்டார்கள். சௌந்தரியத்துக்காக நடக்கிறேன் என்பதே அவர் நிலை. புண்ணியம் தேடியதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆயினும் இல்லறத்தாருக்கு அவர் வாழ்க்கை தரும் பாடம் பெரிது. மாணவர்களையும் குடும்பத்தையும் கைவிடாமல், பல ஆண்டுகள் ஒரே நதியின்பால் மனத்தை வைத்திருந்தார். நான்கு மாதத்தில் ஓடி முடிப்பவரைவிட ‘வாசி’ என்ற சொல் அவருக்கு அதிகம் பொருந்தும்.

அவர் நடந்த பாதையில் கணிசமான பகுதி இன்று நீருக்கடியில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜபல்பூருக்கு அருகே பர்கி அணை, அதற்குக் கீழே இந்திரா சாகர், ஓங்காரேசுவரம், குஜராத்தில் சர்தார் சரோவர் என அணைகள் எழுந்தன. ஹர்சூத் என்ற ஊர் 2004-இல் காலி செய்யப்பட்டு நீரில் மறைந்தது. 138.68 மீட்டர் உயரம்வரை தேக்கும் சர்தார் சரோவர் 2019-இல் முதன்முறையாக நிரம்பியது; சூல்பாணேசுவரரின் பழைய கோயில் அந்நீருக்குள் போயிற்று, வேறிடத்தில் புதுக்கோயில் கட்டப்பட்டது. கரையோரம் நடந்த காலடித் தடங்கள் மறைந்ததால், நடப்பவர்கள் பல இடங்களில் நதியைக் காணாமலே நெடுஞ்சாலையில் நாட்கணக்கில் செல்ல நேர்கிறது. பழைய நூல்களைப் படித்துவிட்டு அதே காடும் படித்துறையும் இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றம் அடைவார். நடப்பவர் வீட்டை விட்டுச் சில மாதம் நீங்குகிறார். அந்தக் கரையில் வீட்டை விட்டு நிரந்தரமாக நீங்க நேர்ந்தவர்களின் குடியிருப்புகளில்தான் அவருக்குப் பல நாள் இரவில் பாய் விரிக்கப்படுகிறது.

ஒத்திகை

முடிவு எடுப்பதற்கு முன் ஒத்திகை பார்க்கும் வசதியையும் மரபே அமைத்திருக்கிறது. கரையில் பல தலங்களைச் சுற்றி ஐந்து நாள் நடக்கும் பஞ்சகுரோச யாத்திரைகள் உள்ளன. குஜராத்தில் ராம்புராவுக்கும் திலக்வாடாவுக்கும் இடையே நதி வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. அப்பகுதியைச் சித்திரை மாதத்தில் ஒரே நாளில் வலம்வருவது உத்தரவாகினி பரிக்கிரமம். சுமார் இருபது கிலோமீட்டர். பாதத்தின் நிலையும் நீரிழிவின் நிலையும் அதிலேயே தெரிந்துவிடும். நீரிழிவு உள்ளவருக்குக் காலில் எழும் ஒரு கொப்புளம் சிறிய செய்தியன்று. மருத்துவரைக் கேளாமல் அவர் புறப்படலாகாது.

தென்னாட்டவருக்கு இன்னொரு பயிற்சியும் வேண்டும். சோறு அங்கே அரிது. சதாவர்த்தில் கிடைக்கும் மாவைப் பிசைந்து, வறட்டித் தணலில் பாட்டி எனப்படும் உருண்டையையோ தடித்த ரொட்டியையோ சுட்டுக்கொள்ளத் தெரியாதவர் பட்டினி கிடக்க நேரும். வாழ்நாளில் ஒருமுறையும் மாவு பிசையாத ஆண்கள், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து தம் வீட்டுச் சமையலறையில் மாலை உணவைத் தாமே செய்து பழகினால், அதனால் விளையும் நன்மை நர்மதையை எட்டுமுன்பே தொடங்கிவிடும். கொஞ்சம் இந்தியும் கற்றுக்கொள்ளலாம். நிமாடியும் பீலியும் குஜராத்தியும் பேசும் ஊர்களில் அதுவும் ஓரளவே உதவும். எஞ்சியதை ‘நர்மதே ஹர்’ பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்தபின், இந்த ஆண்டு வேண்டாம் என்று முடிவு செய்வோரும் உண்டு. தந்தைக்குக் கண் அறுவை முடியட்டும், கடனில் பாதி அடையட்டும் என்று தள்ளி வைக்கிறார்கள். தள்ளி வைத்தலும் ஒரு முடிவுதான். ஆனால் அதற்கு ஒரு நாள் குறிக்கப்பட வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்பது நாளாகாது. எந்த ஆண்டு, எந்தக் கடமை முடிந்தபின் என்று நோட்டில் எழுதி, அதை வீட்டாரும் பார்த்திருந்தால், இடையிலுள்ள ஆண்டுகளில் அந்தக் கடமையைச் செய்யும் விதமே மாறிவிடுகிறது.

புறப்படுபவர்களில் பலர் ஓங்காரேசுவரத்தைத் தொடக்க இடமாகக் கொள்கிறார்கள். சென்னையிலிருந்து செல்வோர் காண்டுவா ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் போகலாம். ஜோதிர்லிங்கத் திருக்கோயில் நதிநடுவே உள்ள தீவில் இருக்கிறது. மமலேசுவரர் கோயில் தென்கரையில். சங்கல்பம் செய்துகொள்ளும் நாளில், படித்துறையில் தலை மழித்து, நீராடி, குப்பியில் நீர் எடுப்பார்கள். அந்த நொடியிலிருந்து நதியைக் கடக்க முடியாது. எதிரே, கூப்பிடு தொலைவில், தீவின்மேல் கோபுரம் தெரிகிறது. பாலத்தில் மக்கள் தரிசனத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். சங்கல்பம் செய்தவர் மட்டும் போகலாகாது. அவர் மேற்கு நோக்கித் திரும்பி, நதி வலக்கையில் இருக்கத் தென்கரையோடு மோர்டக்கா பக்கம் நடக்கத் தொடங்குகிறார். கடலைக் கண்டு, வடகரை ஏறி, அமர்கண்டக்கைச் சுற்றி, இதே படித்துறைக்குத் திரும்பிவந்த பிறகுதான் குப்பியிலுள்ள நீரை அந்தத் தீவின் இறைவனுக்கு வார்க்க முடியும்.